மூன்றாவது ஆலை

சுங்கை தெராப்பில் நாலு மணி மழைக்கு
இன்னும் அரை மணி நேரம் இருந்தது.
அஸீஸ் கடையில், மின்விசிறிக்குக் கீழே,
புவனேஸ்வரிக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தேன்.

கைபேசியில் வெறும் கல்.
கல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு கொடி,
அதற்குப் பின்னால்
நம் ஊரில் எந்த மாதமும் கிடைக்காத நீலம்.
"இதுல என்னடி இருக்கு?"
"திராட்சை."
"பொட்டல்ல போயா நட்டாங்க?"

மகள் அழைத்துப்போன ஊர்.
கடலுக்கு மேல் ஏழாயிரம் அடி.
முதல் நாளே மூக்கில் ரத்தம்.
வருடத்துக்கு ஏழெட்டு மழையாம்;
ஒவ்வொரு வேருக்கும் ஒரு கறுப்புக் குழாய்,
ஆஸ்பத்திரி டிரிப்ஸ் மாதிரி
சொட்டு எண்ணி விடுகிறார்கள்.
தாகத்தோடு வளர்ந்தால்தான் பழம் ருசிக்குமாம்.
மகள் அதைத் தமிழில் சொன்னபோது
நான் ஒன்றும் பேசவில்லை.
லயத்துக் குழாயில் காலை ஆறு முதல் ஏழு வரை
தண்ணீர் வந்த காலத்தில்
நாங்கள் ருசியானோமா என்று
யாரும் வந்து பார்க்கவில்லை.

முதல் ஆலையில் தொப்பிக்காரர் மலையைக் காட்டினார்.
இரண்டாவதில் முட்டை வடிவச் சிமெண்டுத் தொட்டிகள்;
எல்லோரும் தட்டிப் பார்த்தார்கள், நானும் தட்டினேன்.
மூன்றாவதில், கழிவறை என்று நினைத்து
ஒரு கதவைத் திறந்தேன்.

உள்ளே என் மேசை.

ஆமாம் புவனா, நம்ம மேசை.
தாங்கியில் பியூரெட், கூம்புக் குடுவை,
கறை படிந்த வெள்ளை ஓடு.
ஒரு பையன் வாய் பிளந்து குனிந்து
சொட்டு விட்டுக்கொண்டிருந்தான்.
இருபத்தாறு வருஷம் செம்பனை ஆலையில்
எண்ணெயின் புளிப்பை அளந்த கை இது.
கலக்கும்போது மணிக்கட்டு மட்டும்தான் சுற்ற வேண்டும்;
அவனுக்கு முழங்கையே ஆடியது.
இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும், ஒளியும்,
மறுபடி எட்டிப் பார்க்கும்.
அது ஒளியாமல் நின்ற கணம்
"போதும்" என்றேன், தமிழில்.
அவன் குழாயைத் திருகி நிறுத்திவிட்டான்.

புவனா மேசையைத் தட்டிச் சிரித்தாள்.
என்ன உடைந்தது என்று அஸீஸ் எட்டிப் பார்த்தார்.

அப்புறம் ருசி பார்க்கிற சடங்கு.
கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு,
செர்ரி என்றார்கள், குதிரைச் சேணம் என்றார்கள்.
என்னைக் கேட்டார்கள்.
மழைக்கு முன்னால் தார் ரோடு என்றேன்;
ஊற்றிக் கொடுத்தவர் அதை எழுதிக்கொண்டார்.
பிறகு எல்லோரும் கொப்பளித்து
வாளியில் துப்பினார்கள்.

"துப்பினாங்களா?"
"எல்லாரும்."
"காசு கொடுத்து வாங்கினதையா?"
"அதுதான் அங்க மரியாதை."

அவள் தன் குவளையைப் பார்த்தாள்.
பிளாஸ்டிக் பையில் முடிந்து விற்ற சம்சுவை
நாகலிங்கம் ஒரு சொட்டும் சிந்தியதில்லை.
நாற்பத்து மூன்று வயது.
முதலில் கண்தான் போனது.
அதை இருவருமே சொல்லவில்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
முச்சந்தியைத் திரும்பி முடிக்கும்வரை
சொல்லவில்லை.

மழை வந்தது. தகரக் கூரையில் ஒரே இரைச்சல்.
புவனா தே தாரிக்கை ஒரு வாய் இழுத்து,
கன்னம் உப்ப வைத்திருந்து,
எழுந்து போய்ச் சாக்கடை ஓரம் நின்று
துப்பினாள்.
திரும்பி வந்து உட்கார்ந்தாள்.
"தேயிலை. டின் பால். கொஞ்சம் தகரம்."
சிரிக்கத் தொடங்கினோம்,
அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"அந்த வாளிய யாருடி கழுவுறது?"

பார்த்தேன்.
பின்வாசலில் ஒரு பெண், ரப்பர் பூட்ஸ்,
நம்மைவிட நாலைந்து வயது சின்னவள்.
வாளியைக் கவிழ்த்தாள்.
தரை அதை உடனே குடித்துவிட்டது.
என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்,
நானும் அசைத்தேன்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.

"கேட்டிருக்கணும்" என்றாள் புவனா.